இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள்?

மாலைத்தென்றல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் தினமும் ஒரே பதில்: "ஒண்ணும் இல்லம்மா." சரி, நோட்டையாவது பார்ப்போம் என்று திறந்தால் கணக்கு நோட்டில் குச்சிக் கட்டுகளாக வரைந்து வைத்திருக்கிறாள். சூழ்நிலையியல் நோட்டில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருக்கிறது. தமிழ் நோட்டில் பாதிப் பக்கம்தான் எழுத்து, மீதி படம்.

போன வாரம் கணக்குத் தேர்வுத்தாள் வந்தது. கூட்டல், கழித்தல் எல்லாமே சரி. வாக்கியமாக வரும் கணக்கு நான்கும் தப்பு. உதாரணத்துக்கு ஒன்று:

"மாலாவிடம் 12 மணிகள் உள்ளன. அது ரவியிடம் இருப்பதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை மணிகள் உள்ளன?"

இவள் 17 என்று எழுதியிருக்கிறாள். 12-இலிருந்து 5 போனால் எத்தனை என்று வாயால் கேட்டேன். நொடியில் 7 என்றாள். தெரிந்த பிள்ளை ஏன் தப்பாக எழுதுகிறாள்? இந்த வயதில் எந்தப் பாடத்தில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், மனசு கிடந்து தவிக்கிறது.

---

கரும்பலகை எழுதியது:

வணக்கம் தோழி. நான் 14 வருடமாகச் சின்ன வகுப்புகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். முதலில் கவலையை இறக்கி வையுங்கள். உங்கள் மகளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கேள்வியைப் படிப்பதில் எங்கோ தடுக்குகிறது என்று நினைக்கிறேன். இன்று சாயங்காலம் அதே கேள்வியை அவளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விளக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். எங்கே நிற்கிறாள், எந்தச் சொல்லில் மூச்சு வாங்குகிறாள் என்று மட்டும் கவனித்து இங்கே எழுதுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை பொருள் புரிந்து வாசிக்கிற பிள்ளையாக மாறுவது இந்த ஒரு வருடத்தில்தான். பெரியவர்கள் நாம் தமிழை எவ்வளவு வேகமாக வாசிக்கிறோம் என்று நமக்கே தெரியாது. குழந்தையின் கண்ணால் பாருங்கள். "கெ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் வாயில் முதலில் வருவது "க்" ஒலி. "கொ" என்றால் இரண்டு பக்கமும் காவல். "கௌதாரி" என்ற சொல்லில் கொம்பு, க, அப்புறம் "ள" போல ஒன்று. பாதிப் பிள்ளைகள் "கெளதாரி" என்றுதான் வாசிப்பார்கள், அவர்கள் மேல் குற்றமே இல்லை. "பாம்பு" என்பதில் இரண்டு முறை "ப" வரிசை வருகிறது, ஒலி இரண்டு விதம். அதை யாரும் விதியாகச் சொல்லித் தருவதில்லை, சொல்லைக் காதால் முன்பே அறிந்த பிள்ளை தானாகச் சரிசெய்துகொள்கிறது.

247 எழுத்தும் தெரிந்துவிட்டால் வாசிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. எழுத்தை அடையாளம் காணவே முழுக் கவனமும் செலவானால், வாக்கியம் என்ன சொல்கிறது என்று யோசிக்க மூளையில் இடம் மிஞ்சாது.

---

கணக்குப்பிரியன் எழுதியது:

டீச்சர், என் மகனுக்கு இதற்கு நேர்மாறு. வாசிப்பு அருமை. கழித்தல்தான் பிரச்சினை. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்கிறான். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அதே 35. "கடன் வாங்கணும்டா" என்று கத்தியே விட்டேன் ஒருநாள். அவன் அழுதுவிட்டான், எனக்கும் அன்று தூக்கமில்லை. அப்புறம், "நூற்றைந்து" எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறான். இதெல்லாம் சாதாரணம்தானா?

---

கரும்பலகை எழுதியது:

சகோதரரே, உங்கள் மகன் எழுதிய 35-ஐ நான் வருடா வருடம் பார்க்கிறேன். அது கவனக்குறைவு இல்லை. "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று முதல் வகுப்பில் நாம்தான் சொல்லித் தந்தோம். அவன் அதை அப்படியே செய்கிறான். 7-இலிருந்து 2 போனால் 5, 5-இலிருந்து 2 போனால் 3. அவனுடைய கணக்கில் எல்லாம் சரி!

மாலைத்தென்றல் சொன்ன அந்தக் குச்சிக் கட்டு இதற்குத்தான். பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக்குங்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதிலிருந்து 27 எடு என்று சொல்லுங்கள். ஏழு உதிரி கேட்பான், கையில் இரண்டுதான் இருக்கும். சும்மா இருங்கள். ஒரு நிமிடம் போகட்டும், இரண்டு நிமிடம் போகட்டும். ரப்பர் பேண்டை அவனே கழற்றுவான். அந்தக் கணம்தான் பாடம். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. இரண்டு கட்டையும் ஏழு உதிரியையும் எடுத்தால் மிச்சம் 25.

"கடன் வாங்குதல்" என்ற சொல்லை நான் வகுப்பில் விட்டுவிட்டேன். வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லையே என்று ஒரு பெண் கேட்டாள், அவள் கேட்டது நியாயம். "கட்டைப் பிரி" என்றுதான் இப்போது சொல்கிறேன். கூட்டும்போது "கட்டாக்கு". இரண்டும் ஒரே வேலையின் இரு முனைகள் என்று பிள்ளைகளுக்குத் தானாகப் புரிகிறது.

1005 விஷயம்: அவன் காதில் விழுந்ததை எழுதுகிறான். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5, இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டான். இடமதிப்பு புரிகிறபோது இது நின்றுவிடும். நம் எண்ணுப் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. "எண்பது" எட்டுப் பத்து, "எண்ணூறு" எட்டு நூறு. அதே கணக்கில் "தொண்ணூறு" என்று கேட்கும் குழந்தைக்கு நூறு என்றுதான் காதில் விழும். ஆனால் அது ஒன்பது பத்து. "தொள்ளாயிரம்" என்பதில் ஆயிரம் கேட்கிறது, அது ஒன்பது நூறு. 95 எழுதச் சொன்னால் தடுமாறும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து "இதற்குப் பெயர் தொண்ணூறு" என்று சொல்லுங்கள்.

---

பழையமாணவன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் படித்தபோது இந்தக் குச்சி, இலை எல்லாம் கிடையாது. வாய்ப்பாடு 16 வரை தலைகீழாகச் சொல்வோம். இன்றுவரை கூட்டிக் கழிக்கக் கால்குலேட்டர் எடுத்ததில்லை. இப்போது படம் வரைந்தே வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். மனப்பாடத்தைக் கேவலமாகப் பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து.

---

கரும்பலகை எழுதியது:

நீங்கள் சொல்வதில் பாதியை மனதார ஒத்துக்கொள்கிறேன் ஐயா. வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும். பெரிய வகுப்பில் வகுத்தல் செய்யும்போது ஆறெட்டு எத்தனை என்று விரலை எண்ணிக்கொண்டிருந்தால் பிள்ளை பாதி வழியில் கணக்கையே மறந்துவிடும். அதில் சந்தேகமில்லை.

ஆனால் வரிசை முக்கியம். இரண்டாம் வகுப்பில் 2, 5, 10 வாய்ப்பாடுகள் வருகின்றன. முதலில் தொடர் கூட்டலாக வரவேண்டும். ஐந்து ஐந்து பட்டன்களாக நான்கு வரிசை அடுக்கி, 5, 10, 15, 20 என்று தாவி எண்ண வேண்டும். "நான்கு ஐந்து இருபது" என்ற வரி அப்புறம் வந்தால், மறந்தாலும் மீண்டும் கட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கும். வெறும் பாட்டாக மட்டும் ஏறிய வாய்ப்பாட்டில் ஒரு வரி அறுந்தால் முதலிலிருந்து பாடித்தான் வரவேண்டும்.

5-ஆம் வாய்ப்பாடு வந்ததும் நான் சுவர்க்கடிகாரத்தை இறக்கி மேசையில் வைத்துவிடுவேன். பெரிய முள் 3-இல் நின்றால் ஏன் 15 நிமிடம் என்று அப்போதுதான் விளங்கும். பிறகு நம் மொழியே மீதியைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால். கால், அரை, முக்கால் என்ற பின்னங்களை ஒரு காகிதத்தை மடித்துக் காட்டி, அதே மடிப்பைக் கடிகார முகத்தில் காட்டலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். மூன்றேமுக்கால் ஆகும்போது சின்ன முள் 4-ஐ ஒட்டி நிற்கும். முக்கால்வாசிப் பிள்ளைகள் "நாலேமுக்கால்" என்பார்கள். ஆங்கிலத்தில் அதையே "நாலுக்குக் கால் மணி இருக்கிறது" என்கிற மாதிரி சொல்வதால் இரண்டு மொழியிலும் படிக்கும் குழந்தைக்குக் கூடுதல் குழப்பம். சின்ன முள் ஒரு எண்ணைத் தொட்ட பிறகுதான் அந்த மணி பிறக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

---

பேரனின்தாத்தா எழுதியது:

இலை ஒட்டுவதைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். பேரன் இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் அவன் என் பொறுப்பு. போன மாதம் ஈரப் பஞ்சில் பயறு போட்டு முளைக்க வைக்கச் சொன்னார்கள். எனக்கும் முதலில் இது என்ன படிப்பு என்றுதான் இருந்தது.

இரண்டாம் நாள் விதை வெடித்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. "தாத்தா, செடி வந்துடுச்சு" என்று குதித்தான். அது செடி இல்லை, வேர். முதலில் வெளியே வருவது வேர்தான். பையன் சும்மா இருக்கவில்லை, ஒரு விதையைத் தலைகீழாகத் திருப்பி வேர் மேலே பார்க்கும்படி வைத்துவிட்டான். மறுநாள் காலை பார்த்தால் வேர் வளைந்து மறுபடி கீழே போயிருக்கிறது! "அதுக்குக் கண்ணே இல்லையே, கீழே எதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கே யோசிக்க வேண்டியிருந்தது. பூமி இழுக்கிற திசையை வேர் நுனி உணர்கிறது என்று சொன்னேன். மேலே எறிந்த பந்து கீழே வருவதும் அதே இழுப்பால்தான் என்றதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

அப்புறம் ஸ்கேல் வைத்து வேரை அளந்தான். 4 செ.மீ. என்று எழுதினான். பார்த்தால் வேரின் தொடக்கத்தை 1 என்ற கோட்டில் வைத்திருக்கிறான். நான் எதுவும் சொல்லாமல் 0 எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அழித்துவிட்டு 3 என்று எழுதினான். அதன் கீழே "வேர் முதலில் வந்தது. வேர் கீழே போனது." என்று இரண்டு வரி. ஒரே பக்கத்தில் அறிவியல், கணக்கு, தமிழ், ஓவியம் நான்கும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறேன்.

---

பழையமாணவன் எழுதியது:

ஐயா, விதையைத் திருப்பி வைத்த கதையைப் படித்துவிட்டு வீட்டில் நானும் பஞ்சு தேடிக்கொண்டிருக்கிறேன். மனப்பாடம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை, ஆனால் அந்த அளவுகோல் விஷயம் யோசிக்க வைக்கிறது. 0-இலிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்தது, ஏன் என்று கேட்டதாக நினைவில்லை.

---

வாசிப்பாள் எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன், நிறைய விளங்கியது. என் மகனுக்கு எழுத்துப்பிழை அதிகம். சொல்வதை எழுது என்றால் பத்துச் சொல்லில் ஆறு தப்பு. "பண்து", "வந்டு" என்றெல்லாம் எழுதுகிறான். ந, ன, ண மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். ஆங்கிலத்தில் சின்ன பி-யையும் சின்ன டி-யையும் மாற்றி எழுதுகிறான். வாசிக்கும்போது சில சொல்லை ஊகித்தே சொல்லிவிடுகிறான். ஏதாவது குறைபாடாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

---

கரும்பலகை எழுதியது:

பயப்படாதீர்கள். பி, டி மாறுவது ஏழு வயது வரை மிகச் சாதாரணம். ஒரு கரண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கரண்டிதான் என்று இவ்வளவு நாள் உலகம் சொல்லித் தந்தது. எழுத்தை மட்டும் திருப்பினால் பெயர் மாறும் என்பது குழந்தைக்குப் புதுச் செய்தி. அடுத்த வருடமும் விடாமல் தொடர்ந்தால், வாசிப்பும் சேர்ந்து பின்தங்கினால், அப்போது அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது பிழை குறைவாகவும், பலகையைப் பார்த்து எழுதும்போது அதிகமாகவும் இருந்தால் கண்ணைச் சோதிக்க வேண்டும். என் வகுப்பில் "சோம்பேறி" என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பையனுக்குக் கண்ணாடி போட்டதும் ஒரே மாதத்தில் கையெழுத்தே மாறியது.

ந, ன, ண விஷயத்தில் நம் தமிழ் நமக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்தாலே போதும். இன எழுத்துகள். மூன்று ஒலியையும் காதால் பிரிப்பது கடினம், பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்ப்பது எளிது. "த" பக்கத்தில் இருந்தால் ந்: பந்து, சந்து. "ட" பக்கத்தில் இருந்தால் ண்: வண்டு, நண்டு. "ற" பக்கத்தில் இருந்தால் ன்: கன்று, குன்று. ஜோடி ஜோடியாகச் சீட்டு எழுதிப் பொருத்தி விளையாட விடுங்கள். சொல்லின் முதலில் வருவது "ந" என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ர, ற, ல, ள, ழ இப்படி விதிக்குள் அடங்காது, அவை வாசித்து வாசித்துத்தான் கண்ணில் பதியும்.

ஊகித்து வாசிப்பது பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொள்கிற பழக்கம். அங்கே "கிட்" என்ற சொல்லின் கடைசியில் ஓர் "ஈ" சேர்ந்தால் "கைட்" ஆகிறது, அந்த "ஈ" ஒலிப்பதே இல்லை. தமிழில் எழுதியதெல்லாம் வாயில் வரும். இரண்டு மொழியும் இரண்டு விளையாட்டு, விதி வேறு என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று. முன்பல் விழுந்த வயது இது. பல் இல்லாத இடத்தில் காற்றுப் போய் "ச" ஒரு மாதிரி ஒலிக்கும். சத்தமாக வாசிக்கும்போது அதற்காகத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

---

கணக்குப்பிரியன் எழுதியது:

நேற்று இரவு ஐம்பத்திரண்டு குச்சியோடு உட்கார்ந்தோம். நீங்கள் சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது எவ்வளவு கடினம்! குச்சிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "அப்பா, இதைப் பிரிக்கலாமா?" என்றான். பிரித்தான். 25. உடனே 61-இலிருந்து 38 போட்டுத் தரச் சொன்னான், 23 என்று சரியாக வந்தது. இன்று காலை குச்சி இல்லாமல் நோட்டில் குட்டிக் கோடாக வரைந்து செய்துகொண்டிருந்தான். திட்டியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

---

மாலைத்தென்றல் எழுதியது:

மூன்று நாளாக இங்கே வர முடியவில்லை. டீச்சர் சொன்னபடி அந்தக் கேள்வியை வாசிக்கச் சொன்னேன். "மா-லா-விடம்" என்று தொடங்கி "இருப்-ப-தை-விட" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். திரும்ப முதலிலிருந்து. மறுபடி அங்கேயே நின்றாள். மூன்றாவது தடவை அந்தச் சொல்லை அப்படியே தாண்டிவிட்டு "5 அதிகம்" என்று முடித்துவிட்டாள். "அதிகம்னா கூட்டணும்மா" என்றாள். 17 எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. "விட" என்ற இரண்டு எழுத்தில் இருந்திருக்கிறது விஷயம்!

மறுநாள் பட்டன் டப்பாவை எடுத்தேன். நான் மாலா, அவள் ரவி. என் முன்னால் 12 பட்டன். "உன்னைவிட என்கிட்ட அஞ்சு அதிகம், அப்போ உன்கிட்ட எத்தனை இருக்கணும்?" டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் வரிசைக்கு நேர் எதிரே வைத்துக்கொண்டே வந்தாள். ஏழாவது வைத்ததும் கை நின்றது. என் பக்கம் ஜோடி இல்லாமல் நிற்கிற ஐந்தை விரலால் தொட்டு எண்ணினாள். "ஏழுதான்மா" என்று மெதுவாகச் சொன்னாள்.

இப்போது தினமும் "விட" என்று வருகிற வாக்கியம் ஒன்று சொல்லி விளையாடுகிறோம். என்னைவிட நீ குட்டை, நேற்றைவிட இன்று வெயில் குறைவு, அந்த மரத்தைவிட இந்த மரம் பருமன். "என்ன படிச்சே" என்று கேட்பதை விட்டுவிட்டு "இன்னிக்கு எதை அளந்தீங்க, எதை வரைஞ்சீங்க" என்று கேட்கிறேன். நேற்று வகுப்பறையை மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று படம் வரைந்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் எங்கள் அறையை வரைந்தாள். மேசை வெறும் கட்டமாக இருக்கிறது, கால் எங்கே என்று கேட்டேன். "மேல இருந்து பார்த்தா கால் தெரியாதும்மா" என்றாள். வரைபடம் என்றால் என்ன என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவளே ஒரு கணக்கு எழுதியிருக்கிறாள். எழுத்துக்கு எழுத்து அப்படியே தருகிறேன்:

"என்னிடம் 9 பட்டன் இருக்கு. அம்மாவிடம் என்னை விட 4 கம்மி. அம்மாவிடம் எத்தனை?"

---

பேரனின்தாத்தா எழுதியது:

பேரனிடம் வாசித்துக் காட்டினேன். 5 என்கிறான். ஆனால் அவன் பதிலுக்கு ஒரு கேள்வி போட்டிருக்கிறான், உங்கள் மகளிடம் கொடுங்கள்:

"நீயும் அம்மாவும் ஒரே அளவு வைத்திருக்க வேண்டும். நீ அம்மாவுக்கு எத்தனை பட்டன் தர வேண்டும்?"

---

மாலைத்தென்றல் எழுதியது:

கொடுத்தேன் ஐயா. உடனே 4 என்றாள். நாலையும் என் பக்கம் தள்ளினாள், இரண்டு வரிசையையும் பார்த்தாள், "இப்போ உனக்கு அதிகமாயிடுச்சே" என்று திரும்ப வாங்கிக்கொண்டாள். இப்போது ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து யாரும் விடையை இங்கே எழுதிவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படிக்கிறாள்.